சமூகப்பணியாளரின் வரம்பு: வட ஆர்க்காட்டுத் தோல் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

1. பிரச்சினை

சோளிங்கரில் பெரிய மலையின்மேல் யோக நரசிம்மரும் சின்ன மலையின்மேல் யோக ஆஞ்சநேயரும் எழுந்தருளியிருக்கிறார்கள் என்பதும், வைணவர்கள் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் அவ்வூரும் ஒன்று என்பதும், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஜனங்கள் திரள்திரளாகக் கூடுவார்கள் என்பதும் தமிழ்நாட்டில் பலர் அறிந்த செய்திகள். சித்தம் கலங்கியவர்களையும், பேயோ செய்வினையோ பற்றியிருப்பதாக உற்றார் கருதுகிறவர்களையும் அவ்வூருக்கு அழைத்துவந்து, தக்கான் குளத்தில் முழுகச் செய்து, ஈர உடையோடு ஆஞ்சநேயரை வேண்டச் செய்து, தெளிவு பிறக்கும்வரை அடிவாரத்திலேயே குடும்பத்தோடு தங்கியிருக்கும் வழக்கமும் அவ்வூருக்கு உண்டு. அக்குடும்பங்களிடையே சென்று வேலை செய்ய நேரும் சமூகப்பணியாளரின் நிலையிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

ஒரு நிலைமையைக் கற்பித்துக்கொள்வோம். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற இளம்பெண் ஒருத்தி, ஒரு மருத்துவமனையின் சார்பில், அடிவாரத்தில் தங்கியிருக்கும் ஒரு தாயிடம் அவளுடைய மகனின் நோயைப் பற்றி விசாரிக்கச் செல்கிறாள். அவள் கேள்வி கேட்பதற்கு முன்பே தாய் கேட்கத் தொடங்கிவிடுகிறாள்: “எந்த ஊரும்மா நீ? அப்பா என்னா வேல செய்றாரு? கல்யாணம் ஆயிடுச்சா?” அத்தோடு நில்லாமல், அலுமினியப் பாத்திரத்தைத் திறந்து, “வெயில்ல வந்திருக்க, ஒரு வாய் சாப்புடு” என்று சோற்றையும் எடுத்து வைக்கிறாள். தன்னைப் பற்றிய செய்திகளைச் சொல்லலாகாது, பயனாளியிடமிருந்து எதையும் பெறலாகாது, உறவுமுறை கொண்டாடலாகாது என்று வகுப்பறையில் படித்து வந்த அந்தப் பெண் அப்பொழுது என்ன செய்ய வேண்டும்?

தொழில் வரம்பு என்பதைப் பணியாளருக்கும் பயனாளிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொண்டு அளப்பது பெருவழக்காக இருக்கிறது. சோளிங்கரும் அடங்கிய பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தின் சரித்திரத்தை முன்வைத்துப் பார்க்குமிடத்து, அந்த அளவுகோல் பிழையானது என்பதும், வரம்பை அளக்கத் தக்கது கடன்பாடே என்பதும், அதாவது யார் யாருக்கு எதற்காகக் கடமைப்பட்டவராக ஆக்கப்படுகிறார் என்பதே கேட்கத்தக்க கேள்வி என்பதும் என் வாதம். இதற்குத் தக்க ஆட்சேபணைகள் உண்டு. அவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்கிறேன்.

2. கருத்து வந்த வழி

இன்று வரம்பு என்ற பெயரால் போதிக்கப்படும் ஒழுக்கம் சமூகப்பணியோடு கூடப் பிறந்ததன்று. 1869இல் இலண்டனிலும் 1877இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்திலும் தோன்றிய தர்ம ஸ்தாபன சங்கங்கள், வசதியுள்ள குடும்பத்துப் பெண்களை ஏழைகளின் வீடுகளுக்கு ‘நேயமுள்ள விருந்தினர்’களாக அனுப்பின; அவர்கள் காசுக்குப் பதிலாக நட்பை அளிப்பவர்கள் என்பதே அச்சங்கங்களின் பெருமையாக இருந்தது. அந்த நட்பில் உபதேசமும் உளவும் கலந்திருந்தன என்பதைப் பிற்காலத்தவர் எடுத்துக்காட்டினர். மேரி ரிச்மண்ட் 1917இல் தம் பெருநூலை வெளியிட்டபோது நட்பின் இடத்தில் ஆராய்ச்சியும் முறைமையும் வந்து அமர்ந்தன. பிறகு மனப்பகுப்பாய்வின் செல்வாக்கு ஓங்கியது. மருத்துவரின் அறையில் நிலவிய மௌனமும் விலகலும் சமூகப்பணியாளருக்கும் இலட்சணமாயின. 1957இல் ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற ஏசுசபைப் பாதிரியார், பணியாளருக்கும் பயனாளிக்கும் இடையே அமைய வேண்டிய உறவை ஏழு தத்துவங்களாக வகுத்தார். உணர்ச்சியில் பங்குகொள்ள வேண்டும், ஆயினும் அது கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உணர்ச்சியே கூடாதென்று அவர் சொல்லவில்லை என்பதைப் பாட நூல்களைச் சுருக்கி எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கச் சமூகப்பணியாளர் தேசிய சங்கம் 1960இல் இயற்றிய முதல் ஒழுக்க விதி மிகச் சிறியது. 1996இல் திருத்தி எழுதப்பட்ட விதியிலேதான் பயனாளியோடு பணியுறவுக்கு மேல் வேறோர் உறவும் கொள்ளும் இரட்டை உறவு என்னும் விஷயம் விரிவாக இடம்பெற்றது. அதிலும், சுரண்டலுக்கோ தீங்குக்கோ இடமுண்டாகும் இரட்டை உறவைத் தவிர்க்க வேண்டும் என்ற அளவிலேயே பொதுவிதி நின்றது. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1993இல், கூதைல், கபார்டு என்னும் இரு மனநோய் மருத்துவர்கள் வரம்பைக் கடத்தல் வேறு, வரம்பை மீறுதல் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். நோயாளி இடறி விழும்போது கைகொடுத்துத் தூக்குவது கடத்தல். நோயாளியைத் தன் சுகத்துக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்துவது மீறல். இப்பிரிவினையைச் சமூகப்பணித் துறைக்கு விரித்துரைத்தவர் ஃப்ரெடரிக் ரீமர். இதில் கவனிக்கத் தக்க வேடிக்கை ஒன்றுண்டு. அன்பளிப்புப் பெறலாகாதென்ற தனி விதி அந்த அமெரிக்க விதித்தொகுப்பில் வெளிப்படையாக எழுதப்படவே இல்லை. நம் வகுப்பறைகளிலோ அது மனுநீதிபோல் ஓதப்படுகிறது.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் முயற்சியாலும் டாட்டா அறக்கட்டளையின் பொருளாலும் தொடங்கியது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் ஊக்கத்தால் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. பாடமும் நூலும் கடல் கடந்து வந்தன. 1997இல் சமூகப்பணி ஆசிரியர்கள் கூடி வெளியிட்ட ஒழுக்கப் பிரகடனம், விளிம்பில் தள்ளப்பட்ட மக்களோடு தோழமை கொள்வதைப் பணியாளரின் தர்மமாக முன்னிறுத்தி, அமெரிக்க விதியிலிருந்து வேறோர் இடத்தில் நின்று பேசியது. ஆயினும் அதற்குச் சட்ட வலிமை கிடையாது. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் உள்ளதுபோல் எல்லாச் சமூகப்பணியாளரையும் பதிவுசெய்து, தவறினால் பெயரை நீக்கும் மன்றம் இந்நாட்டில் அமையவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப்பணியாளரை ஒரு தொழிலராக வரையறுத்தது. 2021இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டம் மருத்துவச் சமூகப்பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. மருத்துவமனைக்கு வெளியே, கிராமத்திலும் சேரியிலும் தொண்டு நிறுவனங்களுக்காக வேலை செய்யும் பெரும்பாலோர் இவ்விரண்டின் குடைக்கும் வெளியே நிற்கிறார்கள். ஆகவே, வரம்பு எது என்பதை ஒவ்வொரு நிறுவனமும், சில வேளைகளில் ஒவ்வொரு பணியாளரும், தாமே தீர்மானித்துக்கொள்ளும் நிலைமை இருந்து வருகிறது.

3. தூரத்தின் சரித்திரம்

தூரத்தைத் தொழில் தர்மமாகப் போதிக்கும்போது, கேட்பவர் செவியில் அச்சொல் எவ்வாறு விழும் என்பதைப் போதிப்பவர் எண்ணுவதில்லை. தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்து வேலை செய்தவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் ஏழை முஸ்லிம்களும், தலைமுறை தலைமுறையாக அறிந்துள்ள தூரம் ஒன்று உண்டு. ‘தோல் ஷாப்பு’ வேலையின் நாற்றம் உடம்பில் ஒட்டியிருக்கிறதென்று பேருந்தில் பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து போகிறவரின் தூரம் அது. வாசலோடு நின்று பேசி, திண்ணையில் உட்காராமல், கொடுத்த தண்ணீரை ‘இப்போதுதான் குடித்தேன்’ என்று சொல்லித் திரும்பிப் போகிறவரின் தூரம் அது. தோல் தொழிலாளியின் வீட்டில் நீட்டப்பட்ட டம்ளரை, ‘எங்கள் விதிப்படி எதையும் வாங்கக் கூடாது’ என்று ஒரு சமூகப்பணியாளர் மறுப்பாராயின், அவ்வீட்டார் அதில் காண்பது அவருடைய ஜாதியைத்தான். அவர் உண்மையிலேயே விதிக்குக் கட்டுப்பட்டவராக இருக்கலாம். ஆயினும், அந்த விதி தீட்டுக்கு மிக வசதியான போர்வையாகப் பயன்படக் கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஜாதி அபிமானம் கொண்ட பணியாளர் ஒருவர் தொழில் ஒழுக்கத்தின் பெயரைச் சொல்லியே தம் ஆசாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மேலதிகாரியின் பாராட்டையும் பெறலாம்.

இவ்விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கே உரிய மற்றோர் அனுபவம் நமக்கு வழிகாட்டுகிறது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தோன்றிய ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும், அதற்கு முன்பே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்து வந்த தொழுநோய் வேலையும் உலகப் பிரசித்தி பெற்றவை. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையால் பெயர் பெற்றவர். அவர் தம் வாழ்வைப் பற்றி எழுதியவற்றுள் ஒரு சம்பவம் வருகிறது: இளைஞன் ஒருவனின் தோளில் கைவைத்து அவர் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் தேம்பி அழுதான், காரணம் விசாரித்தபோது, பல வருஷங்களாக எவரும் அவனைத் தொட்டதில்லை என்பது தெரியவந்தது. தொட வேண்டிய அவசியம் இல்லாத ஒரு தருணத்தில் நிகழ்ந்த அந்தத் தொடுகை, இன்றைய கண்டிப்பான விதிப்படி, விளக்கம் கோரத்தக்க ஒரு கடத்தல். தொழுநோய் வேலையிலோ அதுவே சிகிச்சையின் பாதி. விரல் நிமிர்ந்த பிறகும் பிச்சையெடுக்கத் திரும்பிப் போக நேர்ந்தவர்களுக்காக, கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் அமைத்துத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்த நவஜீவன நிலையத்தில், வைத்தியரும் நோயாளியும் ஒரே வளாகத்தில் அண்டை வீட்டாராகவே பழகினார்கள்.

மிஷன் ஸ்தாபனங்களின் நெருக்கத்தை நான் அப்படியே போற்றவில்லை. 1900இல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் தொடங்கி, பின்னர் அக்கல்லூரியாக வளர்ந்த வைத்தியசாலையின் வழிவந்த தொண்டு அளவிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தர்மத்தின் பின்னால் மதம் நிற்கும் இடத்தில், உடல் தேறிய நோயாளி எதைக் கொண்டு நன்றி செலுத்துவது என்ற சங்கடம் எழுந்தே தீரும். அந்தச் சங்கடம் கடன்பாடு என்னும் விஷயத்தைச் சேர்ந்தது. தொட்டதினால் விளைந்ததன்று.

4. கடன்பாடு

வட ஆர்க்காட்டு உழைப்பாளிக்குக் கடன் என்பது தத்துவ விசாரத்துக்குரிய பொருளன்று. பீடி சுற்றும் வேலைக்குப் பிள்ளையைப் பணயமாக விட்டு முன்பணம் வாங்குவதும், வாரக் கூலி வட்டிக்கே போய்விட, அசல் அப்படியே நிற்பதும், அசல் தீரும்வரை பிள்ளை வீடு திரும்பாதிருப்பதும் இம்மாவட்டத்தில் நெடுங்காலம் நடந்து வந்தவை. குழந்தைகளின் உழைப்பை அடகுவைக்கும் ஒப்பந்தம் செல்லாதென்று 1933இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1996இல், மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் வட ஆர்க்காட்டுப் பீடிக் குழந்தைகள் மீண்டும் இடம்பெற்றார்கள். இன்று கந்துவட்டிக்காரரோடு நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணையும் சேர்ந்திருக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் சம்பள நாளன்று வாசலில் எதிர்பார்த்து நிற்பவரை எண்ணியே வீடு திரும்புகிறார்கள். இத்தகைய பூமியில் ‘உதவி’ என்று எதைச் செய்தாலும், பெறுகிறவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, இதற்குத் தவணை என்றைக்கு, எந்த ரூபத்தில் என்பதே.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்து, தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து, கையெழுத்து வாங்கித் தருகிற சமூகப்பணியாளரை எடுத்துக்கொள்வோம். பணம் வந்த மாதம் அந்தக் கிழவி முறத்தில் நாலு மாம்பழம் கொண்டுவந்து வைக்கிறாள். அதை மறுத்தால் கிழவி என்றென்றும் கடனாளியாக நிற்கிறாள். வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது, அடுத்த முறை அவள் நிமிர்ந்து பேசலாம். திருப்பிச் செலுத்த முடியாத கொடை பெற்றவனைத் தாழ்த்திவிடும் என்று 1925இல் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் பல தேசத்து வழக்கங்களை ஆராய்ந்து எழுதினார். மொய்ப்பணம் எழுதும் நம் நாட்டவருக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே மாம்பழத்தை வாங்குவதில் குற்றமில்லை என்பது மட்டுமன்று, சில சமயம் வாங்காமலிருப்பதே அந்தஸ்தைக் காட்டும் செயலாகிவிடும்.

இதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், நல்லவையாகத் தோன்றும் சில காரியங்கள் அபாயமானவையாகத் தெரிகின்றன. இரக்கப்பட்டுத் தன் கைப்பணத்திலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ கடன் கொடுக்கும் பணியாளர், ஏற்கனவே நீண்டிருக்கும் கடன்காரர் வரிசையில் தாமும் ஒருவராகப் போய் நிற்கிறார். அப்புறம் அந்த வீட்டுக்கு அவர் வரும்போது பெண் புழக்கடைப் பக்கமாகப் போய்விடுகிறாள். சுயஉதவிக் குழுவுக்கு ஆலோசனை சொல்பவரே தவணை வசூலுக்கும் பொறுப்பானால், அவரிடம் கணவனின் அடி உதையைப் பற்றி எந்தப் பெண் பேசுவாள்? இவ்விரண்டு இடங்களிலும் பணியாளர் பயனாளியோடு நெருங்கவே இல்லை, மரியாதையான தூரத்தில்தான் நிற்கிறார்; ஆயினும் வரம்பு உடைந்துவிட்டது.

தோல் ஆலைக் கழிவால் மாசுபட்ட பாலாற்றுக் கரையின் நஷ்டஈட்டு விவகாரம் இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்திய நீதித்துறையில் ஊன்றியது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வையும் அத்தீர்ப்பு எடுத்துக்கொண்டது. அதன் விளைவாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் சுமார் 29,000 பேருக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது. நஷ்டஈடு குறித்து 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது என்பதிலிருந்து காத்திருப்பின் நீளத்தை ஊகிக்கலாம். இத்தனை நீண்ட காத்திருப்பில், யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, எந்தக் காகிதம் வேண்டும் என்பதை அறிந்தவர் எவராயினும், சமூகப்பணியாளரோ சங்கத்துக்காரரோ கட்சிக்காரரோ, ஒரு சிறு ஜமீன்தாராக ஆகிவிடுகிறார். அவர் பயனாளியின் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவராக இருக்கலாம்.

தனிமனிதரைக் கண்காணிக்கும் விதிகள் ஸ்தாபனத்தைக் கண்டுகொள்வதில்லை என்பது இப்பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பணியாளர் ஒரு டம்ளர் தேநீர் குடிப்பதை ஒழுக்கக் கேடென்று குறிக்கும் நிறுவனமே, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட சிறுமியை ஆண்டு விழா மேடையில் ஏற்றி, நன்கொடையாளர் முன் தன் கதையைச் சொல்லி அழ வைக்கிறது. அவளுடைய புகைப்படத்தை அறிக்கையின் அட்டையில் அச்சிடுகிறது. ‘வேண்டாம்’ என்று அவளால் சொல்ல முடியுமா? அவள் முகமே தவணையாக வசூலிக்கப்பட்டுவிட்டது. இதைக் காட்டிலும் பெரிய வரம்பு மீறலைத் தேடிப் போக வேண்டியதில்லை. எனினும் வருஷந்தோறும் இதற்கு விருது கொடுக்கிறார்கள்.

5. அடிவாரத்தில் அந்தரங்கம்

மனநோயைப் பொறுத்தவரை வரம்பின் முக்கிய அம்சம் இரகசியத்தைக் காப்பது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் அந்தரங்கத்தை உரிமையாக்கியிருக்கிறது; 14ஆம் பிரிவு, தன் சார்பில் பேசத் தக்கவரை நோயாளியே நியமித்துக்கொள்ள இடம் தருகிறது. சட்டம் தனிமனிதனை அலகாகக் கொள்கிறது. சோளிங்கர் அடிவாரத்திலோ நோயே குடும்பத்தின் சொத்தாக இருக்கிறது. மகனைப் பற்றிய கேள்விக்கு மாமன் பதில் சொல்கிறார், மருமகளின் கனவை மாமியார் விவரிக்கிறார், பக்கத்தில் தங்கியிருக்கும் குடும்பம் திருத்தம் சொல்கிறது.

இதை அறியாமை என்று தள்ளுவதற்கு முன், வேலூரின் சொந்த அனுபவத்தை நினைவுகூர வேண்டும். பாகாயத்தில் 1957இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியே சிகிச்சை பெற வேண்டும் என்ற முறையை வளர்த்தது. அதே பத்தாண்டில் அமிர்தசரசில் வித்யாசாகர் என்ற மருத்துவர் மனநோய் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார். மேனாட்டுப் புத்தகத்தில் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைப்பது நியமமாக இருந்த காலத்தில், இங்கே அந்த எல்லை அறிந்தே நகர்த்தப்பட்டது. கோயிலில் தங்குவதிலும் பயனுண்டு என்பதற்கு ஆதாரம் இல்லாமலில்லை: தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை இரகுராமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கட்டுரை, மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாகத் தெரிவித்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாதது, பெரிய முடிவுகளை அதன் தலையில் ஏற்றலாகாது. மறுபக்கத்தில், 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடித் தர்காவை அடுத்த விடுதி ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதும் தமிழ்நாட்டில்தான். தர்காவுக்கு அழைத்துவந்த உறவினர் பலர் அவர்களை விடுதிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சோளிங்கரில் தாய் உடன் தங்குகிறாள், ஏர்வாடியில் சங்கிலி தங்கியது. இவ்வித்தியாசத்தைக் கண்டறிவதே அடிவாரத்தில் சமூகப்பணியாளரின் முதல் வேலை. அதைக் கண்டறிய அவர் அங்கே உட்கார வேண்டும், சோற்றைச் சாப்பிட வேண்டும், எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டும்.

அவ்வாறானால் இரகசியம் என்னாவது? நடைமுறையில் செய்யத்தக்கது, எதைக் கூட்டத்தில் பேசலாம், எதைத் தனியே பேச வேண்டும் என்று நோயாளியிடமே கேட்பது. குளத்துக்குப் போகும் வழியில், வரிசையில் நிற்கும் நேரத்தில், ஐந்து நிமிஷம் தனியே கிடைக்கும். மருந்தை நிறுத்தியது ஏன் என்பது அப்போது வெளிவரும், மாமன் எதிரில் வராது. பணியாளர் அதே ஊர்க்காரராயின் சிக்கல் இன்னும் கடினமாகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உள்ளூர்ப் பெண்களையே வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களாக நியமித்தது. அவர்களுக்கு இரட்டை உறவைத் தவிர்க்கச் சொல்வது, ஊரைத் தவிர்க்கச் சொல்வதாகும். சித்தி முறையாகும் பெண்ணின் சர்க்கரை அளவு தன்னார்வலப் பெண்ணுக்குத் தெரியும். அதைச் சம்பந்தம் பேசும் வீட்டில் சொல்லாதிருக்கிறாளா என்பதே பரீட்சை. ‘அக்கா’ என்றும் ‘தம்பி’ என்றும் அழைப்பதைத் தடுத்துவிட்டால் அந்தப் பரீட்சையில் தேறிவிடுவாள் என்று எண்ணுவது பேதைமை.

தீர்த்தமும் துளசியும் நீட்டப்படும்போது கிறிஸ்தவரோ முஸ்லிமோ ஆன பணியாளர் என்ன செய்வது என்ற கேள்வியை, சட்டென்று தீர்த்துவிட முடியாதது என்பதனால், அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன். கேட்டவர் மனம் நோகாமல் மறுக்கும் நாகரிகம் இவ்வட்டாரத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெகுகாலமாகக் கைவந்ததே.

6. ஆட்சேபணைகள்

இந்த வாதத்தைக் கேட்டு முதலில் எழும் ஆட்சேபம் பெண்களின் பக்கத்திலிருந்து வரும், வர வேண்டும். தூரத்தைக் குறைத்தால், கெட்ட எண்ணமுள்ள ஆண் பணியாளருக்கு ‘அண்ணன்’ என்ற உறவுமுறையே திறந்த கதவாகிவிடாதா? ஆகும். பயனாளியோடு உடலுறவு கொள்வதை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது என்பதில் உலகத்து விதிகள் எல்லாம் ஒருமுகமாக இருப்பதற்கு நியாயம் உண்டு. சம்மதம் என்ற வாதம் அங்கே செல்லாது, ஏனெனில் உதவித்தொகைக்கோ மாத்திரைக்கோ அவனையே நம்பியிருப்பவளின் சம்மதம் சம்மதமாகாது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், குழந்தையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் செய்யும் குற்றத்தைக் கடுமை மிக்க குற்றமாக வைத்திருப்பதும் இக்காரணத்தால். கவனித்துப் பார்த்தால், இத்தடைக்கு ஆதாரமாக நிற்பதும் கடன்பாடும் அதிகாரமுமே. தூரத்தை மட்டும் அளக்கும் விதி, பயனாளியின் வீட்டுக்கு ஒருபோதும் போகாமல், தன் அலுவலக அறைக்கு அவளை மட்டும் தனியே வரச்சொல்லும் அதிகாரியைப் பிடிப்பதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பணியாளரின் நலத்தைப் பற்றியது. நெருங்கினால் அவர் கரைந்துபோவார், இரவு பதினொரு மணிக்கும் தொலைபேசி ஒலிக்கும், சொந்தக் குடும்பம் சிதையும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தோல் வட்டாரத்துத் தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளராக இருப்பவர், பெரும்பாலும் அதே சேரியிலிருந்து படித்து மேலே வந்த முதல் தலைமுறைப் பெண்ணோ பையனோ ஆவார். ஒப்பந்தச் சம்பளம், எந்த மாதமும் நிற்கக் கூடியது. அவருக்கு மன ஆரோக்கியத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தி, விலகி நிற்கக் கற்பிப்பதைவிட, ஒருவர் பார்க்க வேண்டிய குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, இன்னொருவரை நியமிப்பது பயன் தரும். செலவு அதிகம் என்பதால் வகுப்பு நடத்துகிறார்கள்.

மூன்றாவதாக, விதியைத் தளர்த்தினால் ஒவ்வொருவரும் தத்தம் அபிப்பிராயத்தையே விதியாக்கிக்கொள்வார்கள் என்று சொல்லலாம். இதற்கு விடை விதியை இறுக்குவதில் இல்லை, கேட்டு எழுதிவைக்கும் மூத்தவர் ஒருவர் இருப்பதில் இருக்கிறது. யார் வீட்டில் எதை வாங்கினேன், யாருக்கு எதைக் கொடுத்தேன், யார் என்னை உறவு சொல்லி அழைக்கிறார், எந்த வீட்டுக்கு மட்டும் நான் அடிக்கடி போகிறேன் என்பவற்றை வாரம் ஒரு முறை மேற்பார்வையாளரிடம் வெட்கமின்றிச் சொல்ல முடிந்த பணியாளர் தவறுவது அரிது. இத்தகைய மேற்பார்வை மருத்துவமனைத் துறைகளில் ஓரளவு நடக்கிறது. கிராமத்துக் களப்பணியில் மேற்பார்வை என்றால் பெரும்பாலும் வண்டிப் பெட்ரோல் கணக்குதான்.

7. உறவு முடியும் விதம்

வரம்பைப் பற்றிய விவாதங்கள் உறவு தொடங்குவதையும் நடப்பதையும் பற்றியே பேசுகின்றன. முடிவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அமெரிக்க விதியில் சேவையை நிறுத்துவதற்குத் தனிப் பிரிவு உண்டு: பயனாளியை நடுவழியில் கைவிடலாகாது, முன்னறிவிப்பு வேண்டும், வேறிடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பன அதில் அடங்கும். இங்கே சமூகப்பணியில் பெரும்பகுதி திட்டப்பணியாக நடக்கிறது. திட்டத்துக்கு ஆயுள் மூன்று ஆண்டு அல்லது ஐந்து ஆண்டு. மீட்கப்பட்ட குழந்தை எட்டாம் வகுப்பில் இருக்கையில் நிதி நிற்கிறது. குடியிலிருந்து மீண்ட தோல் தொழிலாளி தடுமாறத் தொடங்கும் வாரத்தில் அலுவலகம் பூட்டப்படுகிறது. நெருங்கிப் பழகிய பணியாளர் சென்னைக்கோ ஓசூருக்கோ வேறு வேலைக்குப் போய்விடுகிறார். பொல்லாத வேளையில் தொலைபேசியை எடுப்பதா, எடுக்காமலிருப்பதா என்ற தர்மசங்கடம் அவரோடு போகிறது, அவருடைய நிறுவனத்துக்கு அது இல்லை.

நன்கொடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே முடிவுத் தேதி நிறுவனத்துக்குத் தெரியும். அத்தேதியைப் பயனாளிக்கு முதல் சந்திப்பிலேயே சொல்வதும், கடைசி ஆறு மாதத்தை ஒப்படைப்புக்காகவே ஒதுக்கி அரசு மருத்துவமனைக்கும் ஊராட்சிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் கோப்புகளைக் கைமாற்றுவதும், அதற்கான சம்பளத்தை வரவுசெலவுத் திட்டத்தில் முன்னதாகவே எழுதிக் கேட்பதும் எந்த நிறுவனத்தாலும் செய்யக் கூடிய காரியங்கள். இவற்றைக் கேட்டால் திட்டச் செலவு கூடுமென்று நன்கொடையாளர் முகம் சுளிக்கக்கூடும். அப்படிச் சுளித்தால், கேட்டுப் பார்த்த நிறுவனம் அதையும் தன் ஆண்டறிக்கையில் எழுதட்டும். அட்டையில் சிறுமியின் படம் இருந்த இடம் அதற்குப் போதும்.